சிபிஎல் பயிற்சி: உள்ளூர்ப் பள்ளியா, அமெரிக்காவா, ஏர்லைன் கேடட் திட்டமா?

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்க இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பள்ளி தேடுகிறவர்கள் கட்டணத்தைக் கேட்கிறார்கள், விமானங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், ஹாஸ்டல் எப்படி என்று கேட்கிறார்கள். ஒரு மாணவர் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு. படிப்பு 13 மாதத்தில் முடியுமா, இரண்டரை வருஷம் இழுக்குமா என்பது இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. செலவும் அதைப் பொறுத்ததுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பள்ளியில் 60 மாணவர்கள், விளம்பரத்தில் 10 விமானங்கள். அவற்றில் இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருப்பவை 6. ஒவ்வொன்றும் மாதம் 70 மணி நேரம் பறக்கிறது என்றால் மொத்தம் 420 மணி நேரம், தலைக்கு 7 மணி நேரம். 200 மணி நேரம் முடிய 28 மாதத்துக்கு மேல் ஆகும். இன்னொரு பள்ளியில் 8 விமானங்கள்தான், ஆனால் 7 பறக்கின்றன. மாதம் 90 மணி நேரம் வீதம் 630 மணி நேரம். மாணவர்கள் 40 பேர். தலைக்குப் பதினைந்தே முக்கால் மணி நேரம். 13 மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது முதல் பள்ளி 5 லட்சம் மலிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் ரூபாய் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 46,000 ரூபாய். பதினைந்து மாதத் தாமதத்துக்கு வட்டியே 7 லட்சத்தை நெருங்கும். ஹாஸ்டல், சாப்பாடு தனி. இத்தனை மாதம் முன்னாலேயே வேலையில் சேர்ந்திருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை.

200 மணி நேரம் எப்படிப் பிரிகிறது

எந்தப் பள்ளிக்குப் போனாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், கடைசியில் டிஜிசிஏ, அதாவது உரிமம் தரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பார்ப்பது உங்கள் லாக்புக்கை, பறந்த நேரத்தை எழுதிவரும் பதிவேட்டை. அதில் இருக்க வேண்டியவை: மொத்தம் 200 மணி நேரம், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள். அதில் 100 மணி நேரம் பைலட்-இன்-கமாண்ட், அதாவது விமானத்தின் பொறுப்பு உங்கள் கையில் இருக்கும் பிஐசி நேரம். அந்த 100-இல் 15 மணி நேரம் கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் போகும் பறப்பு, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று புறப்பட வேண்டும். இரவில் 5 மணி நேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் சேர்த்து வாங்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அதற்கு பிஐசியாக 50 மணி நேரக் கிராஸ் கன்ட்ரியும், 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியும் தேவை. இந்த 40-இல் 20 வரை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் செய்யலாம்.

இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் 185 மணி நேரம் ஒற்றை இன்ஜின் விமானத்திலும் 15 மணி நேரம் இரட்டை இன்ஜின் விமானத்திலும் என்று பிரிக்கின்றன. ஏர்லைன்கள் மல்ட்டி (இரட்டை) இன்ஜின் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாதவரைக் கூப்பிடுவதில்லை. எனவே 'மல்ட்டி தனிக் கட்டணம்' என்று சொல்லும் பள்ளியின் விலையை, அதைச் சேர்த்துச் சொல்லும் பள்ளியின் விலையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

கடைசி ஆறு மாதம் என்ற நிபந்தனைதான் பலரை மாட்டவைக்கிறது. பறந்து காட்டும் ஸ்கில் டெஸ்ட்டுக்கும் அதே ஆறு மாதக் கணக்குதான். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு இரட்டை இன்ஜின் விமானம். அதன் லேண்டிங் கியரில் ஒரு பாகம் போய், மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 185 மணி நேரத்தை முடித்த பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பாகத்துக்காகக் காத்திருப்பார்கள். அது வந்து சேர்வதற்குள் சிலருக்கு இரவுப் பறப்பு காலாவதியாகிவிடும், சிலருக்குப் பதினைந்து மணி நேரக் கணக்கு உதைக்கும். மறுபடி பறக்க வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும். அதனால்தான் இரட்டை இன்ஜின் விமானம் எத்தனை, அதில் எத்தனை ஓடுகிறது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தியாவிலேயே படிப்பது

உள்நாட்டில் படிப்பதன் பெரிய லாபம், வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும் கன்வர்ஷன் வேலை தேவையில்லை என்பது. பறந்த மணி நேரம் அப்படியே டிஜிசிஏ கணக்கில் சேரும். டெஸ்ட் எடுப்பவர், விமானம், வான்வெளி எல்லாம் உள்ளூர். ஆர்டியில், அதாவது ரேடியோவில், பேசப் பழகுவதும் நாளைக்கு வேலை செய்யப்போகும் கன்ட்ரோலர்களோடுதான். மொத்தச் செலவு, மல்ட்டியும் தங்குமிடமும் சேர்த்து, இன்றைக்கு 45 முதல் 60 லட்சம் வாக்கில் வரும்.

அரசுப் பள்ளியில் முதலில் சொல்ல வேண்டியது உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி, சுருக்கமாக இக்ருவா. நுழைவுத் தேர்வு, நேர்காணல், பைலட் ஆப்டிட்யூட் டெஸ்ட் என்று வடிகட்டித்தான் எடுப்பார்கள். மகாராஷ்டிரத்தின் கோண்டியாவில் உள்ள என்எஃப்டிஐ, விமான நிலைய ஆணையமும் சிஏஇ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. தெற்கே பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பள்ளியும், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி அகாடமியும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சேலம் விமான நிலையம், ஆணையம் 2020-இல் கொண்டுவந்த தளர்த்தப்பட்ட கொள்கையின் இரண்டாவது சுற்றில் பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று. வீட்டுக்குப் பக்கம் என்பது சாப்பாட்டுக்கும் மொழிக்கும் நல்லதுதான். பள்ளியைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இடம் வேறு வகையில் முக்கியம், வானிலைக்காக. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளில் பயிற்சிக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தெளிவு வேண்டும். டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியில் மூடுபனி மதியம்வரை கலையாது. இக்ருவாவே குளிர்காலப் பறப்பைக் காப்பாற்றிக்கொள்ள கோண்டியாவிலும் கலபுரகியிலும் பறக்க அனுமதி வாங்கியது. மத்திய இந்தியாவில் மூடுபனி குறைவு, ஆனால் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழையும் தாழ்ந்த மேகமும். மே மாத வெயிலில் காற்று லேசாகி விமானம் ஏறத் திணறும். மதியத்துக்கு மேல் சார்ட்டியை, அதாவது பயிற்சிப் பறப்பை, நிறுத்திவிடுவார்கள். சேலம் பக்கம் தென்மேற்குப் பருவத்தை ஓரளவு சமாளித்துவிடலாம், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவம் கை வைக்கும். ஆண்டு முழுக்கப் பறக்கலாம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும், போன வருஷம் ஒவ்வொரு மாதமும் எத்தனை மணி நேரம் பறந்தது என்ற பட்டியலைக் கேளுங்கள். மாதவாரியாகக் கேட்க வேண்டும். வருடக் கூட்டுத்தொகை மோசமான மாதங்களை மறைத்துவிடும்.

பக்கக் காற்றையும் கவனியுங்கள். செஸ்னா 172-இல் 15 நாட் பக்கக் காற்றுவரை இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது. மாணவர் தனியாகப் பறக்கப் பள்ளிகள் அதைவிடக் குறைந்த வரம்புதான் வைக்கும். ஒரே ஓடுபாதையும் சீசன் முழுக்கக் குறுக்குக் காற்றும் உள்ள ஊரில், விமானம் சும்மா நின்றாலும் சோலோ நடக்காது. சோலோ தேங்கினால் பிஐசி தேங்கும்.

அடுத்து விமான நிலையத்தின் வேலை நேரம். சிறு நிலையங்களில் டவர் காலையில் திறந்து மாலையில் மூடிவிடும். இரவுப் பறப்புக்கு நேர நீட்டிப்பு வாங்க வேண்டும். ஓடுபாதை விளக்கும் வேண்டும். வாரத்தில் எத்தனை இரவு அனுமதி கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'கிடைக்கும்' என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் இல்லை. பயணிகள் விமானம் அடிக்கடி வரும் நிலையம் என்றால் பயிற்சி விமானங்கள் தரையில் காத்திருக்க வேண்டிவரும். பறப்பு நேரம் என்பது சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை. எனவே டாக்ஸிவேயில் காத்திருக்கும் பத்து நிமிடமும் லாக்புக்கில் ஏறும். மணி நேரம் சேரும், கற்றது சேராது.

விமானத்தின் வகையைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். கண்ணாடித் திரை காக்பிட் உள்ள டைமண்ட் டிஏ40 நல்லதா, பழைய டயல் வைத்த செஸ்னா 152 போதுமா என்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். அடிப்படைக் கைப்பழக்கம் எதிலும் வரும். இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி மட்டும் கிளாஸ் காக்பிட்டில் நடந்தால் பின்னால் ஏர்பஸ் போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய கேள்வி, பராமரிப்பு யார் கையில் என்பது. இந்த விமானங்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதனை உண்டு. மாதம் 90 மணி நேரம் பறக்கும் விமானம் கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை பெரிய சோதனைக்குப் போகும். சொந்தமாக அங்கீகாரம் பெற்ற பராமரிப்புப் பிரிவு இருந்தால் அது சில நாளில் வெளியே வரும். வெளி நிறுவனத்துக்கு அனுப்பினால் வரிசையில் நிற்கும். இன்ஜினை ஓவர்ஹாலுக்கு அனுப்பும்போது மாற்று இன்ஜின் கைவசம் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அந்த விமானம் ஹேங்கரில்தான். செஸ்னா 172எஸ்-இல் இருக்கும் லைகாமிங் ஐஓ-360-க்கு ஓவர்ஹால் வரம்பு 2,000 மணி நேரம். பள்ளியின் விமானங்கள் எல்லாம் ஒரே வருஷம் வாங்கியவை என்றால், ஒரே சமயத்தில் அந்த வரம்பையும் எட்டும்.

பயிற்றுநர்கள் விஷயம் இன்னும் வெளிப்படையாகத் தெரியாதது. ஏர்லைன்கள் ஆள் எடுக்கும் சீசனில் உதவி இன்ஸ்ட்ரக்டர்கள் கூட்டமாகப் போய்விடுவார்கள். விமானம் இருக்கும், உட்கார ஆள் இருக்காது. தலைமைப் பயிற்றுநர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். அடிக்கடி இன்ஸ்ட்ரக்டர் மாறினால் ஒவ்வொருவரும் முதலில் இரண்டு மூன்று சார்ட்டி எடுத்து உங்களை எடைபோடுவார். இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும் அந்த டூயல் நேரத்தின் செலவு உங்களுடையது.

2025 அக்டோபரில் டிஜிசிஏ முதல்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. பட்டியலில் 35 பள்ளிகள். 'ஏ' வரிசையில் ஒன்றுகூட இல்லை. 13 பள்ளிகளுக்கு 'பி', மற்ற 22-க்கும் 'சி'. ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுவதாகத் திட்டம். 'சி' என்பதாலேயே ஒரு பள்ளியைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஆனால் ஏன் 'சி' என்று நேரில் கேட்க இப்போது உங்களிடம் ஒரு பிடி இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

அமெரிக்கா

அமெரிக்காவின் கவர்ச்சி வேகம். விமானம் அதிகம், விமான நிலையம் அதிகம், இரவில் ஓடுபாதை விளக்கை விமானியே ரேடியோவில் பட்டனைத் தட்டி எரியவைக்கலாம். நல்ல பள்ளியில் மாதம் 20, 25 மணி நேரம் பறப்பது வழக்கம். செலவு பறப்புக்கு மட்டும் 60,000 முதல் 85,000 டாலர்வரை. தங்குமிடம், காப்பீடு, பயணம் எல்லாம் சேர்த்தால் இந்தியாவைவிட 10, 20 லட்சம் கூடுதலாகத்தான் வரும். கல்விக் கடன் வழியாக அனுப்பும் பணத்துக்கு, வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் இல்லை. கைப்பணமாக ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பினால் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்.

அங்கே இரண்டு வகைப் பள்ளிகள் உண்டு. பார்ட் 141 பள்ளிக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டம் இருக்கும், 190 மணி நேரத்தில் சிபிஎல் வாங்கலாம். பார்ட் 61 இன்னும் தளர்வானது, அதற்கு 250 மணி நேரம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை அதற்கென அனுமதி பெற்ற பள்ளி மட்டுமே தர முடியும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் சோதனையும் முடிந்தால்தான் பயிற்சி தொடங்கும். எம்-1 விசாவில் வெளியே வேலை செய்யலாம் என்று முகவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

190 மணி நேரத்தோடு ஊர் திரும்புவது முதல் தவறு. டிஜிசிஏ கேட்பது 200. அதைவிட ஆழமான சிக்கல் பிஐசி கணக்கில் இருக்கிறது. எஃப்ஏஏ விதிப்படி பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய மாணவர், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருந்தாலும் கட்டுப்பாடு தன் கையில் இருந்த நேரத்தை பிஐசி என்று எழுதலாம். அதே நேரம் டூயல் பத்தியிலும் ஏறும். இன்னொரு பழக்கம், இரண்டு மாணவர்கள் சேர்ந்து பறப்பது: ஒருவர் முகத்தில் ஹுட் போட்டு இன்ஸ்ட்ருமென்ட் பழகுவார், மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்ப்பார். அங்கே இருவரும் பிஐசி எழுதிக்கொள்ளலாம், வாடகையும் பாதிப் பாதி. இந்தியாவில் ஒரு விமானத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிஐசி கிடையாது. லாக்புக்கில் 140 மணி நேரம் பிஐசி என்று நம்பி வந்தவருக்கு இங்கே கணக்குப் பார்த்தால் 80 தேறும். மிச்சத்தை இந்திய விலையில் பறக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி எளிது. லாக்புக்கில் 'டிஜிசிஏ பிஐசி' என்று தனிப் பத்தி ஒன்று போட்டு, முதல் சோலோவிலிருந்தே எழுதிவர வேண்டும். தனியாகப் பறந்தது மட்டும் அதில் ஏறட்டும். 300 மைல் கிராஸ் கன்ட்ரி, 10 இரவு லேண்டிங் எல்லாம் ரிமார்க்ஸ் பத்தியில் ஊர்ப் பெயரோடு தெளிவாக இருக்கட்டும். சேரும்முன்பே பள்ளியிடம், 'டிஜிசிஏ கணக்குப்படி 100 மணி நேரத் தனிப் பறப்பு பேக்கேஜில் இருக்கிறதா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்திய மாணவர்களை நிறையப் பார்த்த பள்ளிக்குக் கேள்வி உடனே புரியும்.

அங்கேயும் தாமதம் உண்டு. செக் ரைடு எடுக்கும் டிபிஇ எனப்படும் தேர்வாளர்கள் போதவில்லை. பிரைவேட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல், மல்ட்டி என்று நான்கு தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தேதிக்காகச் சில வாரம் காத்திருக்கும் நிலை சாதாரணம். காத்திருக்கும்போது கை மறந்துவிடாமல் இருக்கப் பறந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கும் மீட்டர் ஓடும். பள்ளிக்குச் சொந்தத் தேர்வதிகாரம் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடிமழை தவறாமல் வரும், ஜூனிலிருந்து நவம்பர்வரை புயல் காலம். அரிசோனாவில் மழை குறைவு, வெயில் கொளுத்தும்.

திரும்பி வந்ததும் கன்வர்ஷன். எஃப்ஏஏவிடமிருந்து உரிமச் சரிபார்ப்பு வர வேண்டும். ஏர் ரெகுலேஷன்ஸ் தாளும், நேவிகேஷனும் மெட்டியராலஜியும் சேர்ந்த காம்போசிட் தாளும் எழுத வேண்டும். பிறகு இந்தியப் பள்ளி ஒன்றில் சில மணி நேரம் பறந்து பகல், இரவு, கிராஸ் கன்ட்ரி டெஸ்ட்டுகள். உள்ளூர் மாணவர்களே வரிசையில் நிற்கும் பள்ளியில் கன்வர்ஷன் ஆளுக்கு விமானம் கடைசியில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் மிச்சம் பிடித்த நான்கு மாதம் இங்கே கரைந்து போகும். இந்த வேலைக்கும் சேர்த்து ஆறு மாதமும் சில லட்சமும் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்காவில் வானிலை நன்றாக இருக்கும், நியூசிலாந்தில் பயிற்சித் தரம் உயர்வு, செலவும் உயர்வு. கனடாவில் குளிர்காலம் பாதி வருடத்தைத் தின்னும். எங்கே போனாலும் கன்வர்ஷன் ஒன்றுதான், பிஐசிக் கணக்கைத் தனியாகப் பார்க்கும் வேலையும் ஒன்றுதான்.

ஏர்லைன் கேடட் திட்டம்

இண்டிகோ போன்ற நிறுவனங்கள் தேர்வு வைத்து ஆளெடுத்து, தாங்கள் ஒப்பந்தம் போட்ட பள்ளிக்கு அனுப்பி, டைப் ரேட்டிங்வரை கொண்டுபோகும் திட்டம் இது. ஏர் இந்தியா மகாராஷ்டிரத்தின் அமராவதியில் தனக்கென்று பயிற்சிப் பள்ளியே அமைக்கிறது. செலவு ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். டைப் ரேட்டிங் தனியாகச் செய்தாலே 15 முதல் 25 லட்சம் ஆகும் என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதலில் தோன்றுவதைவிடக் குறைவு.

இதில் வாங்குவது வேலைக்கான வரிசையில் ஓர் இடம். ஒப்பந்தத்தில் 'நிபந்தனைக்குட்பட்ட வேலை வாய்ப்புக் கடிதம்' என்று இருக்கும். நிறுவனத்தின் தேவை, உங்கள் தேர்ச்சி, மெடிக்கல் எல்லாம் அந்த நிபந்தனைக்குள் அடங்கும். விமானங்கள் வர தாமதமானால், சேர்க்கையைத் தள்ளிவைத்தால், காத்திருக்கும் காலத்துக்கு வட்டியை யார் கட்டுவது என்று அதில் எழுதியிருக்காது. ஒரு கோடி ரூபாய்க் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை 1.38 லட்சம் ரூபாய். முதல் சம்பளம் வரும்முன் ஒரு வருஷம் இந்தத் தவணையைக் குடும்பத்தால் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் மூன்று வழிகளில் இதுதான் தெளிவானது. முடியாது என்றால், தேர்வில் இடம் கிடைத்தாலும் வீட்டைப் பிணையாக வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சாதாரண வழியில் சிபிஎல் வாங்கியவருக்கும் வேலை நிச்சயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் 1,165, 2023-இல் 1,622 என்று டிஜிசிஏ சிபிஎல் வழங்கியது. உரிமம் ஏறும் வேகத்தில் எல்லா ஆண்டும் இருக்கை காலியாவதில்லை.

பள்ளிக்குப் பணம் கட்டும் முன்

முதலில் மெடிக்கல். கிளாஸ் 2 எடுத்து, அதன்பின் கிளாஸ் 1. பெங்களூருவில் உள்ள விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் கிளாஸ் 1 எடுக்கும் இடங்களில் ஒன்று. அமெரிக்கா போகிறவர்கள் எஃப்ஏஏ மெடிக்கல் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். நிறக்குருடு போன்ற ஒன்று அங்கே தளர்வாகப் போய், இங்கே பிடிபட்டால் மொத்தப் பணமும் வீண். கிளாஸ் 1 கையில் வரும்வரை எந்தப் பள்ளிக்கும் திருப்பித் தராத முன்பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, தாள்கள். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம். ரேடியோவுக்கு ஆர்டிஆர் உரிமத் தேர்வு, முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியதை, பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தபின் டிஜிசிஏ கைக்கு மாற்றினார்கள். ஸ்பெசிஃபிக் தாளைத் தவிர (அது பறக்கப்போகும் விமானத்தைப் பொறுத்தது) மற்றவற்றைப் பறக்கப் போகும்முன்பே முடித்துவிடுவது நல்லது. பகல் முழுக்க ஃப்ளைட் லைனில் வெயிலில் காத்திருந்துவிட்டு ராத்திரி நேவிகேஷன் கணக்குப் போட உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். தாள் முடித்தவர்களுக்குப் பள்ளியும் சார்ட்டியில் முன்னுரிமை தரும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்-இல் அந்த இரண்டையும் எழுதித் தேறிவிட்டு வருவது வழக்கம்.

மூன்றாவது, நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். பறக்கும் நாளில் காலை ஆறரைக்குப் போய்ப் பத்து மணிவரை நில்லுங்கள். எத்தனை விமானம் வெளியே வந்தது, எத்தனை மேலே போனது என்று எண்ணுங்கள். டிஸ்பாட்ச் அறையில் அன்றைய சார்ட்டி போர்டு இருக்கும்; அதில் பெயர் இல்லாமல் சீருடையோடு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஹேங்கரில் புரொப்பெல்லர் கழற்றிய, இன்ஜின் இல்லாத, தூசி படிந்த விமானங்களின் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு, விளம்பரப் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வெளியே டீக்கடையில் சீனியர் மாணவர்களிடம் இரண்டே கேள்வி: எப்போது சேர்ந்தீர்கள், இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது? ஐந்து பேரிடம் கேட்டு வகுத்துப் பார்த்தால், தலைக்கு மாதம் எத்தனை மணி நேரம் என்பது கிடைத்துவிடும். பள்ளி சொல்லும் எண்ணைவிட இது நம்பகமானது. 15-க்கு மேல் என்றால் தாராளமாகச் சேரலாம். 10 முதல் 15 என்றால் கட்டணத்தில் பேரம் பேசிச் சேரலாம். 8-க்குக் கீழே என்றால் கட்டணம் பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. கட்டணத்தைப் பறந்த மணி நேரத்தோடு இணைத்துத் தவணையாகக் கட்ட முடியுமா? தேதியோடு இணைத்திருந்தால், பறந்தாலும் பறக்காவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். எரிபொருள் விலை ஏறினால் கூடுதல் கட்டணம் என்ற பிரிவு இருந்தால் அதற்கு உச்ச வரம்பு வேண்டும். சோலோவுக்கு முன் கூடுதல் டூயல் தேவைப்பட்டால் மணிக்கு என்ன விலை என்று எண்ணில் இருக்க வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிப் பாடத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. பயிற்சிக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் போட்டுக் கொடுத்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 45 லட்சத்துக்கு அது 8 லட்சத்துக்கு மேல்.

மூன்று வழிகளில் எது என்று கேட்டால்: நான்கு தாள் கையில், கிளாஸ் 1 கையில், 15 மணி நேரம் பறக்கும் இந்தியப் பள்ளியில் இடம் கிடைத்தால், அதை விட்டுவிட்டு அமெரிக்கா போவதில் அர்த்தமில்லை. அப்படிப்பட்ட பள்ளிகளில் காத்திருப்பு ஒரு வருஷத்துக்கு மேல் என்றால், 70 லட்சம்வரை தாங்கும் என்றால், அமெரிக்கா சரி. பார்ட் 141 பள்ளி, டிஜிசிஏ பிஐசிக் கணக்கு எழுத்தில் என்ற இரண்டு நிபந்தனையோடு. கேடட் திட்டத் தேர்வை எப்படியும் எழுதிப் பாருங்கள். தேறினால் அதன்பின் பணத்தைப் பற்றி முடிவெடுக்கலாம்.

இடையில் பள்ளி படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. பறந்த மணி நேரம் உங்களுடையது, வேறு பள்ளிக்கு மாறினாலும் லாக்புக்கோடு வரும். ஆனால் தலைமைப் பயிற்றுநரின் சான்றொப்பம் இல்லாத பக்கத்தைப் புதுப் பள்ளி ஏற்காது. சண்டை போட்டுக் கிளம்பியபின் அந்தக் கையெழுத்தை வாங்குவது பெரும்பாடு. மாதக் கடைசியில் லாக்புக்கைச் சான்றொப்பம் வாங்கி, அன்றைக்கே எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துவிடுங்கள். பறப்பு அனுமதித் தாள்களின் நகலையும், கட்டிய பணத்தின் ரசீதையும் அதோடு சேர்த்து வைத்தால், மாறும்போது எத்தனை மணி நேரத்துக்குப் பணம் திரும்ப வர வேண்டும் என்ற பேச்சு காகிதத்தின் மேல் நடக்கும்.